வழிகாட்டியின் சொல்



மாடம்பாக்கம் ஏரிக்கரையில் அதிகாலையில் நடந்து பழகிய இளைஞர் சிலர், கடந்த ஆண்டு தை மாதத்தில் பொதிகை மலையின் அகத்தியர்கூடம் ஏறுவதென முடிவு செய்தனர். மூத்தவர் ஒருவர் உடன் வரட்டும் என்று பெற்றோர் விரும்பவே, நம்மையும் அழைத்தனர். பறங்கிமலைப் படிகளை ஏறியதற்கு மேல் மலை அனுபவம் நமக்கில்லை. ஆயினும் இசைந்தோம். பெண்கள் இருவர் உட்பட நாம் மொத்தம் ஒன்பது பேர். 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், 2019 ஜனவரி முதலே பெண்கள் இம்மலை ஏற வழி பிறந்தது.

அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். அதன் கீழ்ப்புறத்தே தாமிரபரணி பிறக்கிறது. மேற்புறத்தே நெய்யாறும் கரமனையாறும் பிறக்கின்றன. கேரள வனத்துறை தையிலும் மாசியிலும் சில வாரங்கள் மட்டும், முன்பதிவு செய்தவர்களை வழிகாட்டியுடன் அனுமதிக்கிறது. "கைப்பேசியிலே வரைபடம் இருக்கையில் வழிகாட்டி எதற்கு?" என்று தாம்பரத்தில் இரயில் ஏறும்போதே நம் இளைஞருள் ஒருவர் கேட்டார். நாமும் அதை மறுத்துப் பேசவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகப் போனக்காடு சேர்ந்தோம். அங்கிருந்து அதிருமலை முகாம் வரை 14, 15 கிலோமீட்டர் நடை. முதல் ஒரு மணி நேரத்திலேயே கைப்பேசிகள் யாவும் ஊமையாகிவிட்டன. மழைக்காட்டில் நண்பகலும் அந்திபோலவே இருக்கிறது. மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் வெயில் தரைக்கு இறங்குவதில்லை, ஈரமும் காய்வதில்லை. வேர்கள் வழுக்குகின்றன, அட்டைகள் காலணிக்குள் நுழைகின்றன. எங்கள் முன்னே வெறுங்காலுடன் நடந்த காணி இனத்து வழிகாட்டி ஓரிடத்தில் கையை உயர்த்தி நின்றார். எமக்கு எதுவும் தெரியவில்லை. சிறு மூங்கிற் புதருக்கு அப்பால் யானை நிற்கிறது என்று மெல்லிய குரலில் கூறினார். வாடையால் அறிந்தாராம். கால் மணி நேரம் மூச்சடக்கி நின்று, கிளைகள் முறியும் ஓசை தொலைவில் மறைந்த பின்னரே நடந்தோம். வரைபடம் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது.

மறுநாள் விடியலில் உச்சியை நோக்கிப் புறப்பட்டோம். பொங்காலப்பாறையை அடைந்தபோது மேகம் இறங்கி மலையை மூடியது; தூறலும் தொடங்கியது. அதற்கு மேல் செங்குத்தான பாறைகளைக் கயிறு பற்றி ஏறவேண்டும். "இன்றைக்கு இவ்வளவுதான். பாறை நனைந்துவிட்டது" என்றார் வழிகாட்டி.

வரைபடம் பற்றிக் கேட்ட அதே இளைஞர் திரும்ப மறுத்தார். அவருடைய தந்தை இளமையில் பாபநாசம் வழியாக இவ்வுச்சியை ஏறியவர். அந்தக் கதையைச் சொல்லியே மகனை வளர்த்தவர். முந்திய ஆண்டில் காலமானவர். "அண்ணே, அப்பா நின்ற இடத்தில் ஒரு நொடி நிற்கத்தான் வந்தேன். நான் மட்டும் ஏறி வருகிறேன்" என்றபோது அவர் குரல் உடைந்தது. எமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வழிகாட்டி அவருடைய தோளில் கை வைத்து, "தம்பி, உங்கள் அப்பா பத்திரமாக இறங்கி வந்தார். அதனால்தானே உங்களுக்குக் கதை சொல்ல முடிந்தது" என்றார். இளைஞர் நெடுநேரம் மேகத்தையே நோக்கி நின்றார். பின்னர் எல்லோருக்கும் முன்னதாக இறங்கத் தொடங்கினார்.

அன்றிரவு முகாமில், காணி மக்களின் அறிவுக்குச் சான்றான ஒரு வரலாற்றை நினைவுகூர்ந்தோம். 1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் அறிவியலார் குழுவொன்று இம்மலைகளில் நடந்தது. அவர்கள் களைத்து விழ, உடன் வந்த காணி வழிகாட்டிகளோ ஏதோ ஒரு காயை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று சொல்ல முதலில் தயங்கினர்; பின்னர் நம்பிக்கை கொண்டு அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையத்தார் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உற்பத்தி உரிமம் அளித்தனர். கிடைத்த உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்காக 1997-இல் அவர்களுடைய அறக்கட்டளையும் பதிவாயிற்று. எல்லாக் குடியிருப்புகளையும் கலந்து பேசவில்லை என்ற குறை பின்னர் எழுந்தது உண்மையே. எனினும், வழிகாட்டியவனுக்கும் பங்குண்டு என்று ஏற்றுக்கொண்ட முன்னோடி முயற்சி அது.

மற்றொரு நினைவும் எம்மை உறுத்தியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்வெளியில் பரவிய தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மாண்டவர்களுள் நம் சென்னையிலிருந்து மலையேறச் சென்ற இளம் பிள்ளைகளும் இருந்தனர். அதன் பின்னரே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில், மலையோரக் கிராமத்தாரும் பழங்குடி மக்களுமே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டுள்ளனர். காட்டை அறிந்தவனை முன்னே நடக்கவிட்டு, அவனுக்கு உரிய ஊதியமும் கொடுப்பது நல்ல ஏற்பாடு.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் மலையேற விரும்பினால் தடுக்காதீர்கள். ஏரிக்கரை நடை தராத பணிவை மலை ஒரே நாளில் கற்றுத் தருகிறது. ஆனால், எவ்வளவு உயரம் என்று கேட்பதற்கு முன், அழைத்துச் செல்பவர் யார், அவர் திரும்பச் சொன்னால் திரும்புவாயா என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பிள்ளையின் விடை தயங்கினால், பயணம் இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும்.

தாம்பரம் நிலையத்தில் அந்த இளைஞரின் தாயார் காத்திருந்தார். "உச்சியைப் பார்த்தாயா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, அடுத்த தையில் போவேன். அந்த அண்ணனையே கேட்டிருக்கிறேன்" என்றார் மகன். தாயார் வேறொன்றும் கேளாமல், மகனின் தோளிலிருந்த பையைத் தாம் வாங்கிக்கொண்டு நடந்தார்.