வேர்ப்பதற்கும் கட்டணமா? உஷார்!

சேலத்து வெயிலுக்குப் பயந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு ஓடுகிறது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டமோ காசு கட்டி, சூடேற்றிய அறைக்குள் யோகா செய்யத் துடிக்கிறது. 'ஹாட் யோகா' என்று அதற்குப் பெயர்!

கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சவுத்ரி அமெரிக்காவில் பரப்பிய சரக்கு இது. 40 டிகிரி சூடு, 90 நிமிடம், 26 ஆசனம். அந்த வரிசை தன் சொத்து என்று கோர்ட்டுக்குப் போனார். 2015-ல் அப்பீல் கோர்ட் 'செல்லாது' என்று சொல்லிவிட்டது.

40 டிகிரி என்றால் சேலத்துச் சித்திரை வெயில். சேலத்துக்காரருக்கு ஓரளவு பழக்கம். சேர்வராயன் மலைக் குளிரில் வாழ்பவர் கதை வேறு. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே வீறாப்பு கூடாது.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் போகணும். காலையிலிருந்தே தண்ணீர் குடிச்சு வரணும். மெல்லிய உடை, துண்டு, தண்ணீர் பாட்டில் அவசியம். முடிந்ததும் உப்புப் போட்ட மோர் நல்லது. தலை சுற்றினால் உடனே வெளியே வந்துடணும். இதய நோயாளிகள், ரத்தக் கொதிப்புக்காரர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் காலெடுத்து வைக்கவே கூடாது.

ஒரே நாளில் எடை குறைஞ்சுதேன்னு குதிக்க வேண்டாம். போனது கொழுப்பல்ல, தண்ணீர்!

பணம் வாங்கும் முன் உடல்நிலையைக் கேட்பது வகுப்பு நடத்துபவரின் கடமை. 'பாதியில் எழுந்து போகாதே' என்று தடுப்பவர் வாத்தியாரே அல்ல. அப்படிப்பட்ட இடத்தில் கட்டணம் போனாலும் போகட்டும், எழுந்து வருவதே புத்திசாலித்தனம்.