வி கிட்டாரும் வீணை யாளியும்



மூன்று நாளாக நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரே பஞ்சாயத்து. என் தங்கை பேரன், கல்லூரி முதலாம் ஆண்டு, 'வி' எழுத்து மாதிரி இருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். "கிட்டார்னா கிட்டார் மாதிரி இருக்கணும், இது கவட்டை மாதிரில்லா இருக்கு" என்று மதினி எழுதினாள். அத்தான் ஒருபடி மேலே போய், சாமியார் கையில் இருக்கும் சூலம் படத்தைப் போட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இயற்பியல். பழைய வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கிட்டாரும் வீணையும் உள்ளே கூடு உள்ளவை. கம்பியின் அதிர்வை அந்தக் கூடுதான் பெரிதாக்குகிறது. அங்கே வடிவத்தை மாற்றினால் நாதம் மாறும். எலெக்ட்ரிக் கிட்டார் பெரும்பாலும் கெட்டிப் பலகை. எஃகுக் கம்பிக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அதற்குப் பிக்கப் என்று பெயர். கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தினேனே, மின்காந்தத் தூண்டல், அதுவேதான். ஆகவே பலகையின் ஓரம் வளைந்திருந்தாலும் கூர்மையாக இருந்தாலும் ஒலியில் வரும் வித்தியாசம் மிகச் சொற்பம். "சத்தம் நல்லா வராது" என்று குழுவில் எழுதியவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

வித்தியாசம் காதில் இல்லை, தொடையிலும் தோளிலும் இருக்கிறது.

1958இல் அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 'ஃப்ளையிங் வி'யைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு வருஷத்தில் நூறு கூடப் போகவில்லை. உட்கார்ந்து வாசித்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அது அவர்களுக்கே தெரிந்துதானோ என்னவோ, பக்கவாட்டில் ஒரு ரப்பர் பட்டையை ஒட்டியே விற்றார்கள்! ஆனால் ஆல்பர்ட் கிங் என்ற ப்ளூஸ் மேதை அதை விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரையே தலைகீழாகத் திருப்பி வாசிப்பவர். சாதாரண கிட்டாரைத் திருப்பினால் குடைவு மேலே போய்விடும், கைக்கு இடிக்கும். 'வி'க்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். எப்படித் திருப்பினாலும் 'வி'. ஊர் சிரித்த வடிவம் ஒருவர் கைக்கு அளவெடுத்த சட்டையாகிவிட்டது.

இன்னொரு நன்மையும் உண்டு. கழுத்தை மறிக்கும் மரம் குறைவு. அதனால் கடைசி ஃப்ரெட்டுகள் வரை (வீணையில் மெட்டு என்போமே, அது) விரல் தாராளமாகப் போகும். உட்கார்ந்து வாசிக்க ஒரு வழியும் இருக்கிறது. அந்தக் கவட்டைக்குள் வலது தொடையைக் கொடுத்து, கழுத்தை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இரண்டு நாள் அசௌகரியமாக இருக்கும், பிறகு இடது மணிக்கட்டு சுகமாக நிற்கும்.

எல்லா விசித்திர வடிவத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நட்சத்திரம் மாதிரி நாலு பக்கமும் முள் உள்ளவை மேடைக்கு மட்டும்தான் லாயக்கு. புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குக் காலை பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு போனால் யார் கண்ணையாவது குத்தும், இல்லையென்றால் அதன் முனை உடையும். சில கிட்டார்களில் உடல் இலேசாகவும் தலை கனமாகவும் இருக்கும். இடது கையை எடுத்தால் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். திருப்புத்திறன் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்டதில் இடது கை வாசிக்காது, சுமக்கும். அதற்கு நேர் எதிர், 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் செய்த தலையே இல்லாத கருவிகள். அவர் அடிப்படையில் நாற்காலி மேசை வடிவமைப்பவர். சுருதி முறுக்குகளைக் கீழ்முனைக்குக் கொண்டுபோய்விட்டார். பார்த்தால் துடுப்பு மாதிரி இருக்கும், ஆனால் எடை சீராக நிற்கும். என்னைக் கேட்டால் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அதுதான் உத்தமம்.

நம் பக்கமும் இது புதிதல்ல. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கையில் இருந்தது இரட்டைக் கம்பிகள் உள்ள வழக்கமான மாண்டலின் அல்ல. ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட கெட்டிப் பலகை எலெக்ட்ரிக் மாண்டலின். கமகம் பேச அது தேவைப்பட்டது. வயலின் எல். சங்கர் இரண்டு கழுத்து, பத்துக் கம்பி வைத்து எலெக்ட்ரிக் வயலின் வாசித்தார். அழகுக்காகவே சேர்த்தது வேண்டுமென்றால் தஞ்சாவூர் வீணையின் முனையில் உள்ள யாளி முகத்தைப் பாருங்கள். அந்த யாளியால் ஸ்வரத்துக்குக் காசளவு லாபம் இல்லை. ஆனால் வாசிக்கும் விரலுக்கு அது இடைஞ்சலும் இல்லை. அதனால் இத்தனை காலம் இருக்கிறது. பார்த்ததும் எடுத்து மடியில் வைக்கத் தூண்டுகிற கருவியைத்தான் பிள்ளை தினமும் எடுப்பான். அந்த ஆசையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது தூக்கம் வராத காரணம். பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன், பழைய வள்ளத்துப் பலகையை மீன் வடிவத்தில் அறுத்து, தானே செம்புக் கம்பி சுற்றிப் பிக்கப் செய்து, கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தான். "என்னல, குழம்பு வைக்கவா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் அதை வாசித்துக் காட்டவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. நான் போதிக்கிற பாடத்தைக் கையால் செய்துகொண்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பது இந்த வாரம்தான் உறைத்தது. தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் போடு. சாருடைய நம்பர் மாறவில்லை.

தங்கை பேரனுக்கு நான் சொன்னது: கடைக்கு நானும் வருகிறேன். கை இல்லாத நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்து வாசி, பிறகு அரைமணி நேரம் நின்று வாசி. தோளும் மணிக்கட்டும் வலிக்கவில்லையென்றால் 'வி'யே வாங்கு, பாதிப் பணம் தாத்தா தருகிறேன். அதற்குமுன், தூத்துக்குடி பக்கம் உங்களில் யாரிடமாவது 'வி' கிட்டார் இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.