உறையின் பின்பக்கம்

ஷாம்பு என்பது பட்டணத்துச் செல்வர் வீட்டுக் குளியலறையில் புட்டிக்குள் வீற்றிருந்த காலம் ஒன்று உண்டு. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர், ரிக்ஷா இழுப்பவரும் கூலி வேலை செய்பவரும் வாங்கத்தக்க அளவிலும் விலையிலும் சாமான்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்க வேண்டும் என்று கருதி அதற்கான முறையை வகுத்தார். அவருடைய புதல்வர்கள் 'வெல்வெட்' என்ற பெயராலும், அவர்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியே தொடங்கிய 'சிக்' என்ற பெயராலும், அந்த உறைகளைப் பெட்டிக்கடைதோறும் சரம் சரமாகத் தொங்கவிட்டார்கள். வியாபார சாமர்த்தியத்துக்கு உதாரணமாக இந்தச் சரித்திரத்தைப் பலர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கோ அதில் வேறொரு விஷயமே பிரதானமாகப் படுகிறது. அரிசியானாலும் பருப்பானாலும் மூட்டையாக வாங்குகிறவருக்கே விலை சகாயம் என்பது கடைத்தெருவின் பொது நியதியாக இருக்க, ஷாம்பு விஷயத்தில் மட்டும் அந்த நியதி தலைகீழாக நிற்கிறது: ஐந்து அல்லது ஆறு மில்லி கொண்ட ஒரு ரூபாய் உறைகளாகவே வாங்கினால் நூறு மில்லிக்கு இருபது ரூபாய்க்கு மேல் ஆகாது, அதே பெயர் தாங்கிய புட்டியிலோ அதைப்போல் சில மடங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. (மக்காத அந்த உறைகள் சாக்கடைகளை அடைத்துக்கொள்வது தனி வழக்கு, அதை இங்கே விசாரிக்கவில்லை.)

சருமத்துக்கும் கேசத்துக்கும் என்று விற்கப்படும் பொருள்களில், விலையைக் கொண்டு பலனை மதிப்பிட முடியாது. மெய்யாகவே வேலை செய்யும் பதார்த்தங்கள் சிலவே. அவற்றுள் பெரும்பாலானவை மிகப் பழையவை, காப்புரிமை காலாவதியானவை, ஆகையால் மலிவாகவே கிடைக்கக்கூடியவை. நாம் கொடுக்கும் பணத்தில் எஞ்சியது வாசனைக்கும், புட்டியின் வடிவத்துக்கும், விளம்பரத்தில் வரும் நட்சத்திரத்தின் சம்பளத்துக்கும் போய்ச் சேருகிறது. அவற்றை விரும்பி வாங்குவதில் குற்றம் ஒன்றுமில்லை. பரிமளமும் ஒரு சுகமே. ஆனால் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டுமானால் உறையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் படித்தாக வேண்டும். அந்தப் பின்பக்கமோ, வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் படிக்க இயலாதபடி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதே என் முறையீடு.

குளியல் சோப்பை எடுத்துக்கொள்வோம். அதன் உறையில் ஓர் ஓரத்தில் 'டி.எஃப்.எம்.' என்ற மூன்றெழுத்தும் அதையடுத்து ஒரு சதவீதமும் இருக்கும். சோப்பில் அடங்கிய மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி அந்த அளவு 76 சதவீதமாவது இருந்தால் முதல் தரம். 70 இருந்தால் இரண்டாந்தரம். 60 இருந்தால் மூன்றாந்தரம். முதல் தரச் சோப்பு கையில் இறுகி நிற்கும், சீக்கிரம் கரையாது, தோலையும் அவ்வளவாக வறட்டாது. இந்த மூன்று தரத்திலும் சேராமல், 40 சதவீதம் இருந்தாலே போதும் என்ற சலுகையோடு 'பேத்திங் பார்' என்ற பெயரில் வேறொரு வகை விற்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்ட இரண்டு கட்டிகளில் எது சோப்பு, எது சோப்பின் வேஷம் என்பது அந்தப் பின்பக்கத்து எழுத்தால் அன்றி வேறெதனாலும் தெரியாது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சோப்பு இயல்பிலேயே காரத்தன்மை உடையது, நமது தோலோ சற்றே அமிலத்தன்மை உடையது. ஆகவே தோல் மிக வறண்டவர்களுக்கும் கரப்பான் உள்ளவர்களுக்கும் சோப்பே அல்லாத மென்மையான சலவைப் பொருளால் ஆன சில கட்டிகள் ஒத்துக்கொள்ளும். அவையும் 'பேத்திங் பார்' வகையிலேயே சேரும். சதவீதத்தை மட்டும் பார்ப்பது போதாது. எதனால் ஆனது என்ற வரியையும் படிக்க வேண்டும்.

தோல் வறட்சிக்குப் பரிகாரம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்க ரசாயனி 1872-இல் காப்புரிமை பெற்ற வாசலினைக் காட்டிலும், தோலிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதை நன்றாகத் தடுக்கும் பொருள் இன்றுவரை எளிதில் அகப்படவில்லை. நமது வெக்கையில் அது பிசுபிசுக்கும் என்பது உண்மையே. அதற்குக் கிளிசரின் கலந்த சாதாரண லோஷனும், பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பும் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. குளித்துத் துவட்டியவுடன் ஈரம் முழுவதும் உலர்வதற்குள் பூசினால், விலையுயர்ந்த ஜாடியிலிருந்து எடுத்து ஆறுதலாகப் பூசுவதைவிடப் பலன் கூடுதலாக இருக்கும்.

கேசத்தின் விஷயம் இன்னும் விஸ்தாரமாகப் பேசத்தக்கது. நம்பிக்கை மிகுதியாக விலைபோவது அங்கேதான். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் பிரசவித்த பெண்ணுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து அது கொத்துக் கொத்தாகக் கொட்டும். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீடுகளில் பாட்டிமார் சொல்வது இந்தக் கணக்கைத்தான். உடம்பு தேறிச் சில மாதங்களில், ஒன்றும் செய்யாமலேயே, உதிர்வது நின்று புது முடி முளைக்கும். இதற்கிடையில் சீப்பைப் பார்த்துக் கலங்கிப்போன அந்தப் பெண், பல மூலிகைகளின் பெயர் எழுதிய ஒரு தைலத்தை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கித் தேய்க்கத் தொடங்கியிருப்பாள். முடி திரும்பியவுடன் புகழ் முழுவதும் தைலத்துக்குப் போய்ச் சேரும். அவளும் தன் சகோதரியிடமும் அண்டை வீட்டாரிடமும் மனப்பூர்வமாகச் சாட்சி சொல்வாள். அந்தச் சாட்சியத்தில் பொய் ஒன்றும் கிடையாது; காரிய காரண சம்பந்தம் மட்டுமே கிடையாது. இத்தகைய ஆயிரம் சாட்சியங்களின் மேலேதான் கூந்தல் தைல வியாபாரம் நிமிர்ந்து நிற்கிறது.

தேங்காயெண்ணெயைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அது முடியின் தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போதும் வாரும்போதும் புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதை நடத்தியவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம். ஆயினும் அவர்கள் கூறிய காரணம், அதாவது அந்த எண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதும் நேரானதும் ஆகையால் உள்ளே நுழைகிறது என்பது, யுக்திக்குப் பொருந்துவதாகவே இருக்கிறது. இருக்கும் முடியைக் காப்பதற்கு அது உதவும். இல்லாத முடியை வளர்ப்பதற்கு உதவாது. பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை ஊறவைப்பது விபரீதம்கூட. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தலையின் எண்ணெய்ப்பசையே ஆகாரம். அதற்குக் கீட்டோகோனசோல் இரண்டு சதவீதம் கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, உடனே அலசிவிடாமல் ஐந்து நிமிஷம் பொறுத்திருந்து கழுவினால் போதும். பலர் அந்த ஐந்து நிமிஷத்தைத் தராமலே மருந்தைக் குறை சொல்கிறார்கள். பரம்பரையாக வரும் வழுக்கைக்குத் தடவும் மருந்துகளில் நிரூபணம் மிகுந்தது மினாக்சிடில். ரத்த அழுத்தத்துக்கு என்று உண்டாகி, உட்கொண்டவர்களின் மேனியெங்கும் ரோமம் வளர்ந்ததைக் கண்டு வழிமாற்றப்பட்டு, 1988-இல் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றது. நான்கு, ஐந்து மாதமாவது தடவாமல் பலன் தெரியாது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். இவ்வளவு அழகற்ற உண்மைகளைச் சொல்லிக்கொண்டு எந்த விளம்பரமும் வராது என்பதனாலேயே அது மருந்துக்கடை அலமாரியில் பேசாமல் இருக்கிறது.

சீயக்காயையும் அரப்பையும் இகழ்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவற்றில் நுரைக்கும் சத்து இருக்கிறது, அழுக்கு போகிறது, கொங்கு நாட்டில் இன்றும் அரப்புப் பொடியால் தலை கசக்கும் குடும்பங்கள் ஏராளம். எனக்குள்ள ஆட்சேபம் வேறு. நாட்டு மருந்துக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் சூரணத்துக்குப் பின்பக்கமே இல்லை. கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால், பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் வேறொரு கிழங்கின் மாவைக் கட்டிக்கொடுப்பது சர்வசாதாரணம். அசல் சரக்கு அவ்வளவு மஞ்சளாகவே இராது. இயற்கை என்ற ஒரு சொல்லை நம்பி, எது, எங்கே விளைந்தது, எப்போது அரைத்தது என்ற கேள்விகளை நாம் கைவிட்டுவிடுகிறோம்.

மலிவு என்பதே ஆபத்தாக மாறும் இடமும் ஒன்று உண்டு, அது சிவப்பழகு. 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிக்கொண்டதே ஒழிய, கறுப்பைக் குறையாகக் காட்டி நாற்பத்தைந்து வருஷம் கற்பித்த பாடம் ஜனங்களின் மனத்திலிருந்து அழியவில்லை. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு, தயாரித்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் முகவரியோ இல்லாத களிம்புகள் கடைகளில் உலவுகின்றன. ஒரு வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகப் பயப்பட வேண்டும். அவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைப்பது பெரும்பாலும் பாதரசமாகவோ ஸ்டீராய்டாகவோதான் இருக்கும். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் வைத்தியர்கள், 2021-க்கும் 2023-க்கும் இடையில் தங்களிடம் வந்த சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஓர் அபூர்வ வகை நோய் கண்ட 15 பேரில் 13 பேர் சிவப்பழகு களிம்பு பூசியவர்கள் என்று கண்டார்கள். ஸ்டீராய்டுக் களிம்புகளின் கதை இன்னும் பரிச்சயமானது. சொறி சிரங்குக்கு என்று எழுதிக் கொடுத்த ட்யூபை முகத்தில் பூசினால் முதலில் பளபளப்பும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பருக்களும், நிறுத்தினால் எரிச்சலும் வரும். 2018-இல் இவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கலாகாது என்று சட்டம் செய்தும், பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கும் கடைகளுக்கு இன்றும் பஞ்சமில்லை.

மங்கும் கருமையும் படர்வதைத் தடுக்க விரும்புகிறவர் வாங்க வேண்டியது வெயிலைத் தடுக்கும் சன்ஸ்கிரீன். 'எஸ்.பி.எஃப். 30' என்று போட்டது தோலைக் கன்றச் செய்யும் கதிர்களில் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 என்று போட்டது 98 சதவீதத்தை. அதற்கு மேற்பட்ட எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண், முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுவதே முக்கியம். அப்படித் தாராளமாகப் பூச வேண்டிய பொருளின் மேல் அரசாங்கம் செய்திருப்பதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், சோப்புக் கட்டி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, வரவேற்கிறேன். முகப் பவுடருக்கும் 5 ஆயிற்று. சன்ஸ்கிரீனுக்கோ 18 அப்படியே நிற்கிறது. வெயிலில் நாற்று நடும் பெண்ணுக்கும் தெருவில் பழம் விற்கும் பெண்ணுக்கும் உபயோகமான ஒரே பொருள் ஆடம்பரம், அவள் முகத்தில் வெள்ளையாய்ப் படிந்து வியர்வையில் வழியும் பவுடர் அத்தியாவசியம் என்ற இந்தத் தத்துவம் எனக்கு விளங்கவில்லை. வரித் துறையின் வகைப்பாடுகள் விசித்திரமானவை என்பது புதிதல்ல: சிறு புட்டியில் அடைத்த தேங்காயெண்ணெய் தலைக்கா சமையலுக்கா என்ற கேள்வி, சேலம் கலால் ஆணையரின் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2018-இல் இரண்டு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்புச் சொல்லி, 2024 டிசம்பரில் மூவர் அமர்வு கூடித்தான் அது சமையல் எண்ணெயே என்று முடிவாயிற்று.

வரியைவிட அவசரமான காரியம் எழுத்து. பொட்டலச் சாமான்களின் மேல் அச்சிட வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்று விதி சொல்கிறது. பிற பாஷைகள் கம்பெனியின் இஷ்டம். அந்த இஷ்டத்தைக் கம்பெனிகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதை எந்தப் பெட்டிக்கடையிலும் காணலாம்: கருகருவென்ற கூந்தல், பளபளக்கும் மேனி என்ற வாக்குறுதிகள் முன்பக்கத்தில் கொட்டைத் தமிழில் இருக்கும், சோப்பின் தரம், சேர்மானம், எச்சரிக்கை யாவும் பின்பக்கத்தில் எறும்பளவு ஆங்கிலத்தில் இருக்கும். ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று காட்ட வேண்டும் என்ற நல்ல விதி ஒன்றும் வந்திருக்கிறது. அதுவும் அந்த எறும்புகளோடு எறும்பாகவே ஊர்கிறது. சிறு உறையில் இடமில்லை என்று சொல்வார்கள். உறையில் இல்லாவிட்டால், கடைக்கு அந்தச் சரங்கள் வந்துசேரும் அட்டைப்பெட்டியில் இடம் இருக்கிறது, களிம்பு ட்யூபை மூடும் கூட்டுக்குள் மடித்து வைக்கும் தாளில் இடம் இருக்கிறது. சேர்மானத்தில் முதல் ஐந்து பொருள்கள், ஸ்டீராய்டு இருந்தால் அதன் பெயர், சோப்பானால் தரம், ஒரு மில்லியின் விலை, இவ்வளவையாவது தமிழ்நாட்டில் விற்கும் சரக்கில் தமிழில் அச்சிட வேண்டும் என்று மாநில அரசாங்கம் மத்திய நுகர்வோர் துறைக்கு எழுதிக் கேட்கலாம். கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.