கறுத்ததெல்லாம் ஒன்றல்ல!

வெளுத்ததெல்லாம் பால், கறுத்ததெல்லாம் தண்ணீர் என்று நம்புகிறவனை உலகம் ஏமாளி என்கிறது. ஆனால் மெத்தப் படித்த விஞ்ஞானிகளே நூறு ஆண்டுகளுக்கு மேல் நிறத்தைப் பார்த்துக் குழம்பிய கதை ஒன்று உண்டு. அவர்களைக் குழப்பியது, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கடல் நத்தை!

நத்தை என்றாலும் இதற்கு ஓடு கிடையாது. குஞ்சுப் பருவத்தில் இருக்கும் சிறு ஓட்டையும் வளரும்போது இழந்துவிடுகிறது. மீனவர்கள் சொல்லும் கடல் அட்டை வேறு, இது வேறு. இந்து மகா சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும், கரையோரப் பாறைகளின் அடியில் இது ஒளிந்து வாழ்கிறது.

இதில் நெருங்கிய உறவினர் இருவர். ஒன்று டெண்ட்ரோடோரிஸ் நைக்ரா; மற்றொன்று டெண்ட்ரோடோரிஸ் ஃபூமாட்டா. லத்தீனில் நைக்ரா என்றால் கறுப்பு. ஃபூமாட்டா என்றால் புகை படிந்தது. பெயர் வைத்தவர்கள் நிறத்தை நம்பியே வைத்தார்கள். வந்தது வினை! புகை நிறத்தானிடம் சாம்பல், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு எல்லாம் உண்டு. கறுப்பனோ சில வேளை வெள்ளைப் புள்ளி தெளித்து, சிவப்புக் கரை கட்டி வருகிறான். இரண்டும் கறுப்பாக வந்து நின்றால் யார் எவர்?

விடை முதுகிலேயே இருக்கிறது. பின்பக்கம், ஆசனவாயைச் சுற்றி, பூ மலர்ந்தாற்போல் செவுள்கள் நிற்கின்றன. நைக்ராவுக்குச் சிறு செவுள்கள் பல, நெருக்கமாக. ஃபூமாட்டாவுக்கு எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் பெரிது, அகல விரிவது. 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்து வேறுபாட்டைத் தெளிவாக்கியது.

நிறத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு; ஆனால் அது இந்த நத்தைக்காக அல்ல. இதன் கண்கள் தோலுக்கு அடியில் புதைந்த இரு சிறு புள்ளிகள். வெளிச்சம், இருட்டு என்பதற்கு மேல் அவற்றுக்கு அதிகம் தெரியாது. தலையில் உள்ள இரு கொம்புகளால் மோப்பம் பிடித்தே இரையையும் துணையையும் தேடுகிறது. தன் சட்டையின் நிறம் தனக்கே தெரியாத பிராணியை, நாம் அந்தச் சட்டையை வைத்து அடையாளம் காண்பது என்ன நியாயம்?

இந்தப் பாடத்தின் ஆரம்பம் நம் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், வால்டேர் கடற்கரையில் இத்தகைய நத்தைகளைச் சேகரித்தார். அவற்றை வைத்து 1864-ல் ஆல்டர், ஹான்காக் என்ற இரு ஆங்கிலேயர்கள் பல புதிய இனங்களை விவரித்தார்கள். மறு ஆண்டே ஹான்காக் இந்தக் குடும்பத்தின் உள்ளுறுப்புகளை ஆராய்ந்து எழுதினார். மற்ற நத்தைகளுக்கு உள்ள அரம் போன்ற பல்நாக்கு இவற்றுக்குக் கிடையாது. கடற்பஞ்சின் சதையை உறிஞ்சியே பிழைக்கின்றன. வெளித் தோற்றத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

அன்று சாராயத்தில் போட்டதும் நிறம் வெளுத்துப்போகும்; உடல் மட்டும் மிஞ்சும். இன்று நிலைமை தலைகீழ். கையிலுள்ள டெலிபோனிலேயே காமிரா. நிறம் அப்படியே பதிகிறது, ஆனால் உடலை ஆராய்வார் குறைவு. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பெயர் சூட்டிவிடுகிறோம். இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் இனத்துக்கு ஐந்து பெயர் வைத்தால், இல்லாத செல்வத்தை இருப்பதாக எண்ணுவோம். இரண்டு இனத்துக்கு ஒரே பெயர் வைத்தாலோ, அவற்றில் ஒன்று அழியும்போது அழிந்ததுகூட நமக்குத் தெரியாது. எண்ணத் தெரியாதவன் காக்க முடியாது.

அதற்காகக் கண்ட நத்தையையெல்லாம் பிடித்து அறுக்க வேண்டியதில்லை. அந்த வேலை ஆராய்ச்சியாளருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியது. அதற்கு வேண்டிய ஆளும் பணமும் தருவது அரசின் கடமை. பொதுமக்கள் செய்யக் கூடியது வேறு. தொட்டால் இந்த நத்தை செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே தொடாமல், பொறுமையாகக் காத்திருந்து, செவுள் மலர்ந்த பிறகு படம் எடுக்கலாம். இடத்தையும் தேதியையும் குறித்து வைக்கலாம். புரட்டிய கல்லை மறுபடி பழையபடியே வைத்துவிடலாம்; அதுதான் அதன் வீட்டுக் கூரை.

நிறத்தைப் பார்த்து ஆளை எடை போடுவது தவறு என்று ஊருக்கு உபதேசம் செய்கிறோம். அந்த நீதியைக் கல்லுக்கடியில் வாழும் இந்தச் சிறு பிராணிக்கும் வழங்கினால் குறைந்துபோகமாட்டோம்!