சூட்கேசில் வந்த விரியன்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றோ வீட்டில் ஆசையாக வளர்ப்பதற்கென்றே அதை விமானத்தில் கொண்டுவருகிறார்கள். 2025 ஜூன் தொடக்கத்தில் மும்பை விமான நிலையத்தில், தாய்லாந்திலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது உள்ளே 47 நச்சுப் பாம்புகள் இருந்தன. 44 இந்தோனேசியக் குழிவிரியன்கள். மீதி மூன்றும் மேற்கு ஈரான் மலைப்பகுதியைச் சேர்ந்த சிலந்திவால் கொம்பு விரியன்கள். வால் நுனி சிலந்தி போலவே இருக்கும். அதை ஆட்டிக்காட்டிப் பறவையைப் பிடிக்கும். படைப்பின் அதிசயம்தான், ஆனால் சூட்கேசில் வர வேண்டிய அதிசயம் அல்ல.

நம் தில்லியும் சளைத்ததல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில், பாங்காக்கிலிருந்து இந்திரா காந்தி விமான நிலையத்தில் வந்திறங்கிய மூன்று பெண்களிடம் பாம்பும் பல்லியுமாகப் பிடிபட்டன. அந்தப் பாம்புகள் நஞ்சில்லாத வகை. ஆனால் வழி என்னவோ ஒன்றுதான்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதே என் கவலை. நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு மட்டுமே. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு, 1978-இல் உருவாகி இன்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. இந்தோனேசிய விரியன் கடித்தவருக்கு அந்த மருந்தை நம்ப முடியாது. தாய்லாந்தில் செஞ்சிலுவைச் சங்கமே அந்நாட்டுப் பச்சைக் குழிவிரியனுக்கு மருந்து தயாரிக்கிறது. பாம்பு பாங்காக்கிலிருந்து வந்துவிடுகிறது. மருந்து கூட வருவதில்லை!

கடிபடுகிறவர் வளர்த்தவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அறையைப் பெருக்க வந்த வேலைக்காரப் பெண்ணாக இருக்கலாம், அடுத்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். போலீசுக்குப் பயந்து எஜமானர் வாய் திறக்காவிட்டால், நள்ளிரவில் பணியில் இருக்கும் மருத்துவர் எதை வைத்து வைத்தியம் செய்வார்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாயின. நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலுக்கு அளவுகோல் வணிகத்தால் ஓர் உயிரினம் அழியுமா என்பதே தவிர, அது ஆளைக் கொல்லுமா என்பதல்ல. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்ப்பவர் பதிவு செய்ய வேண்டும். ஆப்பிரிக்கக் கருப்பு மாம்பா அந்தப் பட்டியலிலேயே இல்லை! முறையாக இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்பது உண்மைதான். கள்ளத்தனமாக வந்து, இங்கேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்த பிறகு கேட்பார் யார்?

பதர்பூர் அருகே மோலர்பந்தில் பாம்பாட்டிக் குடும்பங்கள் பல உண்டு. கூடையில் நாகத்தை வைத்துப் பிழைத்த அவர்களுடைய தொழில் அந்தச் சட்டத்தால் முடிந்தது. அது சரியென்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடிப் பெட்டியில் விரியன் வளர்க்கும் பங்களாவாசிக்கு மட்டும் ஏன் தயவு?

தடை போட்டால் எல்லாம் மறைவில் நடக்கும் என்பது வளர்ப்போர் தரப்பு வாதம். மலைப்பாம்பு விஷயத்தில் அதை ஓரளவு ஒப்புக்கொள்வேன், நஞ்சுள்ளவற்றில் முடியாது. பிரிட்டன் 1976-லேயே ஆபத்தான விலங்குகளை வளர்க்க உள்ளாட்சி உரிமமும் காப்பீடும் கட்டாயமாக்கியது. நெருக்கமாக வீடுகள் உள்ள நம் ஊருக்கு அதுவும் போதாது. அயல்நாட்டு நச்சுப் பாம்புகள் மிருகக்காட்சிசாலைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் மட்டுமே இருக்கட்டும். அவர்களும் உரிய மருந்தைக் கையிருப்பில் வைத்த பிறகே பாம்பைத் தருவிக்கட்டும். அயல்நாட்டு விலங்குகளைத் தாமாக முன்வந்து அறிவிக்க 2020-இல் மத்திய அரசு ஆறு மாத அவகாசம் தந்தது. அதேபோல் இன்னொரு ஆறு மாதம் தந்து, நச்சுப் பாம்பு வைத்திருப்பவர்கள் வழக்குப் பயமின்றி அவற்றை ஒப்படைக்க வழி செய்யலாம்.