‘சிற் அப்’ என்னும் சிறு வினை

ஆங்கிலத்தைப் பிழையற எழுதவல்ல நம் மாணாக்கர் பலர், அம்மொழியாளர் நாளாந்தம் வழங்கும் சிறு தொடர்களின் முன் மயங்கி நிற்றலைக் காண்கின்றோம். அரும்பதங்கள் அவரை மயக்குவதில்லை; அவற்றுக்கு அகராதி உண்டு. பாலர் வகுப்பிலேயே அறிந்த இரு சொற்கள் கூடி வேறு பொருள் தருமிடத்திலேதான் இடர் நேர்கின்றது.

‘சிற் அப்’ என்பதை நோக்குவோம். ‘சிற்’ என்பது இரு. ‘அப்’ என்பது மேலே. ‘மேலே இரு’ என்று பொருள்கொள்பவன் வழி தவறுவான். படுத்திருக்கும் நோயாளிக்கு மருத்துவர் இதனைக் கூறின், ‘படுக்கையிலேயே எழுந்து உட்காரும்’ என்பது கருத்து. கூனியிருக்கும் மாணவனுக்கு ஆசிரியர் கூறின், ‘நிமிர்ந்திரு’ என்பதாம். காய்ச்சலுற்ற பிள்ளையின் அருகே தாய் இராமுழுதும் இவ்வாறு செய்தாளெனின், உறங்காது விழித்திருந்தாள் என்க. நின்றவர் அமர்தற்கோ ‘சிற் டவுண்’ எனும் வேறு வினை உண்டு. ஆராயின், முன்னைய மூன்றிடத்தும் உடம்பின் மேற்பாதி சாயாது உயர்ந்திருத்தலே அடிக்கருத்தாதல் புலனாகும்.

இவ்விடர் நமக்கு மாத்திரம் உரியதன்று. 1755இல் தம் ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையின் பின் சிறுசொல் சேர்ந்து பொருள் திரியும் இவ்வகை பிறநாட்டார்க்குப் பேரிடர் விளைப்பதென அதன் முகவுரையிலேயே குறித்தார்.

நம் மொழியும் இதற்குப் புறம்பன்று. ‘எழுந்திரு’ என்பதனைக் காண்க. யாழ்ப்பாணத்தார்க்கு ‘இரு’ என்றால் உட்கார். தமிழ் பயிலும் பிறமொழியாளர் இதனைப் பிரித்துப் பொருள்கொள்வாராயின், எழுந்தபின் மீண்டும் அமர்ந்துவிடுவர்! நாமோ மயங்குவதில்லை; சொல்லைச் செயலோடு சேர்த்தே கற்றோமாதலின்.

ஆதலால், இவ்வினைகளைப் பட்டியலாக மனனஞ் செய்வித்தல் பயன்தராது என்பதே நம் துணிபு. ஆசிரியர் அவற்றைச் செய்து காட்டுக, மாணாக்கரையுஞ் செய்விக்க, இடத்துக்கேற்ற தமிழ் வினையையும் உடன் கூறுக. ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலித்தலாகாது என்பார் உளர். அம்மொழியை இடைவிடாது கேட்டல் நன்றேயெனினும், பொருள் விளங்காது கேட்பது வெற்றொலியேயன்றோ? ஒரு தமிழ்ச் சொல் பலநாள் மயக்கத்தைத் தீர்க்குமாயின் அதனை மறுப்பானேன்?

பரீட்சையிற் பிழைத்தால் சில புள்ளிகளே குறையும். பிறநாட்டு வைத்தியசாலையிலோ தொழிற்சாலையிலோ ஏவல் விளங்காது நிற்பவன் இழப்பது அதனினும் பெரிது. நம் கல்லூரி மைந்தர் பலர் கடல் கடந்து வாழும் இக்காலத்தே, இச்சிறு சொற்களைச் சிறியன என்று இகழாதிருப்போமாக.