குலமும் கோத்திரமும் எச்சிலில் தெரியுமா?

சிறு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பிவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருந்தால், நம் ஆதி பிதாக்கள் எந்தத் தேசத்திலிருந்து எந்த மார்க்கமாக நடந்து வந்தார்கள் என்பதை வர்ணப் படத்தோடு தெரிவிப்போம் என்று வம்சாவளிப் பரிசோதனைக் கம்பெனிகள் செய்யும் விளம்பரத்தைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த உண்மை எவ்வளவு சிறியது என்பதை அவை வாய்விட்டுச் சொல்லாததுதான் என் ஆட்சேபம்.

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு, பெரும்பாலும் கலப்பின்றி, இறங்குகிறது, மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தாலும், பெண்மக்கள் மூலமாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. எப்போதோ அபூர்வமாக இவற்றில் ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பிசகு சந்ததி முழுவதும் தொடர்வதால், அதைச் சுமப்பவர்களை ஒரே மூலபுருஷனின் அல்லது மூலமாதாவின் வழியினராகக் கொண்டு, ஹாப்லோகுரூப் என்ற கூட்டமாக வகுத்து, ஆங்கில எழுத்தொன்றைப் பெயராக இடுகிறார்கள். பத்துத் தலைமுறை பின்னே போனால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் ஸ்தானங்கள் உண்டு. இந்தக் கூட்டப் பெயர்கள் பேசுவது அவற்றில் இரண்டைப் பற்றித்தான். ஒய் இல்லாத பெண்ணுக்கோ, தகப்பனையோ சகோதரனையோ பரிசோதித்தாலொழிய, ஒன்றைப் பற்றி மட்டுமே.

சிறிதானாலும் இந்தச் சாட்சியம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளைவிட நல்ல திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. 1485-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் மாண்ட அந்த இங்கிலாந்து அரசரின் எலும்புக்கூடு, 2012-இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் அடியிலிருந்து வெளிப்பட்டபோது, அவருடைய சகோதரி ஆனின் பெண்வழியில் வந்த இருவரைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். ஒருவருடைய மைட்டோகாண்டிரியா எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது, மற்றவருடையது ஒரே எழுத்தில் வேறுபட்டது. ஆண்வழிக் கதையோ வேறு. ரிச்சர்டின் முன்னோரான மூன்றாம் எட்வர்டிடமிருந்து வந்தவர்கள் என்று ஏடுகள் கூறும் ஐந்து கனவான்களைச் சோதித்ததில், எலும்புக்கூடு ஜி கூட்டத்ததாயிருக்க, நால்வர் ஆர்1பி கூட்டத்திலும் ஒருவர் ஐ கூட்டத்திலும் நின்றார்கள். ஏட்டுத் தகப்பன் ஒருவர், உண்மைத் தகப்பன் வேறொருவர் என்ற சம்பவம் இடையில் குறைந்தது இரு முறை நடந்திருக்க வேண்டும். அரச வம்சத்துக்கே இந்தக் கதி என்றால், இன்ன மகாபுருஷரின் நேர் வாரிசு நாங்கள் என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்கள் சற்று நிதானிப்பது உத்தமம்.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க விஞ்ஞானி ஸ்பென்சர் வெல்ஸும் மதுரைக்கு அருகே ஜோதிமாணிக்கம் கிராமத்து மனிதர் ஒருவரிடம் எம்130 என்ற மிகப் பழைய அடையாளத்தைக் கண்டபோது, பத்திரிகைகள் அவருக்கு 'முதல் இந்தியர்' என்று பட்டம் கட்டிவிட்டன. ஆராய்ச்சி அருமையானது, பட்டம் அநாவசியமானது. அந்த அடையாளம் குறிக்கும் சி கூட்டத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் இருக்கிறார்கள், மங்கோலியரும் கசாக்கியரும் இருக்கிறார்கள். செங்கிஸ்கானின் வழியாக இருக்கலாம் என்று 2003-இல் ஓர் ஆய்வு ஊகித்த ஆண்வழியும் அதில்தான் அடங்கும். ஜோதிமாணிக்கத்து மனிதரின் பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்த அடையாளம் இல்லையென்றால், அவர் நேற்று வந்து குடியேறியவராகிவிட மாட்டார். அவருடைய தாயின் தகப்பனுக்கு அது இருந்து, மகளோடு அவ்வழி நின்றுபோயிருக்கலாம். ஆர்1ஏ என்ற எழுத்தை உயர்குல முத்திரையாகக் காட்டித் திரிகிறவர்கள், அது ஆந்திரத்துக் காடுகளில் வாழும் செஞ்சுப் பழங்குடியினரிடமும் கணிசமாக இருப்பதை ஏனோ சொல்வதில்லை.

ஆகவே, ஆயிரத்து இருபத்துநான்கில் இரண்டு என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று கம்பெனிகளைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கம்பெனி கைமாறினால் நம் மாதிரி யாரிடம் போகும் என்பதையும் அதே பக்கத்தில் சேர்க்கலாம். 2025 மார்ச்சில் டுவென்டிதிரீஅண்ட்மீ என்ற பரிசோதனைக் கம்பெனி திவால் பாதுகாப்பு கோருவதற்குச் சற்று முன்பே, தங்கள் மரபணு விவரங்களை அழித்துவிடும்படி கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே அம்மாநிலத்து வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்ல நேர்ந்தது.